ஆற்காட்டில் அடிக்காத ஆற்காட்டு ரூபாய்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் பழைய காசு டப்பா வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வெள்ளி போல மின்னும் ஒரு வட்டத் தகடு. ஒரு பக்கம் பொய்முடி வைத்த ஒரு துரையின் முகம், அதன் கீழே டூப்ளே என்று பெயர், 1754 என்று ஆண்டு. மறுபக்கம் பிரெஞ்சு எழுத்தில் புதுச்சேரி, கேசினோ, 100 பிராங்க். விற்பவர் சொன்ன கதை இது: பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒயிட் டவுனில் ஒரு சூதாட்ட விடுதி இருந்ததாம், அங்கே பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடிய சில்லாம் இது. பின்னால் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புக்கும் போய் கேமரா முன்னால் வந்ததாம். ஆகவே பழமைக்கு ஒரு விலை, புகழுக்கு ஒரு விலை. "சார், வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். முன்பணம் கொடுத்த பிறகுதான் கேட்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நான் அவருக்கு எழுதிய பதில்: "தம்பி, அவர் உன்னிடம் இரண்டு பொருளை விற்கிறார். ஒன்று பழம்பொருள். இன்னொன்று படப்பிடிப்புப் பொருள். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்."

முதல் கதையைச் சோதிக்கத் தகட்டைத் தொடக்கூட வேண்டாம். 1754இல் பிரான்சு நாட்டின் கணக்குப் பணம் லிவ்ர். பிராங்க் சட்டப்படியான நாணயமானது புரட்சிக்குப் பிறகு, 1795இல். அதுவும் போகட்டும். அந்தக் காலத்துப் புதுச்சேரியில் கடைத்தெருவில் யாரும் லிவ்ரிலும் கணக்குப் பார்க்கவில்லை. வராகன், ரூபாய், பணம், காசு. இவைதான். அடுத்தது முகம். அந்தக் காலத்தில் இங்கே அடித்த சிறு காசுகளில் நாம் பார்ப்பது கிரீடமும் லில்லிப் பூவும். கவர்னர் தன் முகத்தைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் ஏது? 1754 அக்டோபரில் டூப்ளே பதவி பறிபோய்க் கப்பலேறிக்கொண்டிருந்தார். அவர் முகம் நம் ஊர்ப் பணத்தில் வந்தது உண்மைதான். ஆனால் அது சுமார் 180 ஆண்டு கழித்து, இந்தோசீனா வங்கி 1930களில் புதுச்சேரிக்காக வெளியிட்ட 50 ரூபாய்த் தாளில்.

இரண்டாவது கதை அப்படி எளிதில் விழாது. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. கேசினோச் சில்லு சேகரிப்பவர்கள். அவர்களில் சிலர் உண்மையான விடுதிகளின் சில்லுகளோடு, தொலைக்காட்சியில் வந்த கற்பனை விடுதிகளின் சில்லுகளையும் தேடுகிறார்கள். 2003 முதல் 2008 வரை என்பிசி தொலைக்காட்சியில் 'லாஸ் வேகாஸ்' என்று ஒரு தொடர் ஓடியது. கதை நடப்பது மான்டெசிட்டோ என்ற விடுதியில். அப்படி ஒரு விடுதி அந்த ஊரில் கிடையாது, தொடருக்காகப் படைத்தது. ஆனால் அதன் பெயர் போட்ட சில்லு உண்டு, அதை வாங்கவும் ஆள் உண்டு. இல்லாத விடுதியின் சில்லில் அசல் எது, போலி எது?

யோசித்துப் பார்த்தால் நல்ல கேள்வி. அதில் மூன்று வகை இருக்க முடியும். நடிகர் கையில் பட்டு, திரையில் தெரிந்த சில்லு. படப்பிடிப்புக்காகச் செய்து, பெட்டியிலேயே கிடந்துவிட்ட சில்லு. ரசிகர்களுக்கு விற்க யாரோ பிறகு செய்த நகல். மூன்றும் ஒரே பொருளில், ஒரே அச்சில், ஒரே நிறத்தில் இருக்கலாம். உரசிப் பார்த்தாலும் நிறுத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அங்கே சான்று சில்லுக்கு வெளியே இருக்கிறது. படப்பிடிப்புக் குழுவின் பொருள் பட்டியல், அங்கிருந்து யார் வாங்கினார் என்ற ரசீது, அவரிடமிருந்து யார் கைக்குப் போனது என்ற வரிசை. இன்னும் நுட்பமானவர்கள் காட்சியை நிறுத்தி வைத்து, சில்லின் ஓரத்தில் உள்ள கீறலும் திரையில் தெரியும் கீறலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். நம் மாணவரின் விற்பனையாளர் காட்டியது ஒரு சான்றிதழ். அதில் கையெழுத்துப் போட்டிருந்தவரும் விற்பவரே.

(ஒரு சின்னத் தகவல். உண்மையான விடுதிகளில் புழங்கும் களிமண் வகைச் சில்லு பெரும்பாலும் 8.5 முதல் 10 கிராம் வரை. வீட்டில் சீட்டாட விற்கும் பிளாஸ்டிக் கலவைச் சில்லுதான் 11.5 கிராம். கனமாக இருந்தால் அசல் என்று மக்கள் நினைக்கிறார்கள். அது விற்பவர்களுக்குத் தெரியும்.)

ஆக, அந்தத் தகடு படப்பிடிப்புக்குப் போனது நிரூபணமானால், அது போலிப் பழம்பொருளாகவும் அசல் படப்பிடிப்புப் பொருளாகவும் ஒரே நேரத்தில் இருக்கும். நிரூபணம் ஆகவில்லை என்றால் வெறும் தகடு. மாணவர் முன்பணத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. "இது அசலா?" என்று கேட்பதற்கு முன் "எதுவாக அசல்?" என்று கேட்க வேண்டும் என்பதைப் புதுச்சேரிக்காரனுக்கு அமெரிக்காக்காரன் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் ஊர் வெள்ளி ரூபாயே அப்படிப்பட்டதுதான்.

காசு பார்ப்பவர்கள் நம்மிடம் எந்தக் காலத்திலும் உண்டு. சங்கப் புலவர் பட்டியலில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்றெல்லாம் பெயர் வருகிறது. வண்ணக்கன் என்றால் பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவர். அந்தத் தொழில் செய்தவர்கள் கவிதையும் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் சராப் என்ற பெயர் வந்தது. சராப் கடைக்காரர் காசைச் சுண்டிப் பார்ப்பார், ஓசை கேட்பார், உரைகல்லில் தேய்ப்பார், ஓரத்தில் சின்னதாக ஒரு குத்துப் போடுவார். இந்தக் காசுக்கு இன்ன வட்டம் என்று கழிப்பார். ஒரு ஊர் ரூபாயை இன்னொரு ஊரில் மாற்றினால் வட்டம் பிடிப்பது அன்று நடைமுறை. வணிகருக்கு லாபமும் நட்டமும் அந்த வட்டத்தில்தான்.

பிரெஞ்சுக் கம்பெனிக்கும் இதே தலைவலி. அவர்கள் 1674இல் இங்கே குடியேறியவர்கள். துணி வாங்க வேண்டும், நெசவாளிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வருவதோ மெக்சிகோ வெள்ளியில் அடித்த ஸ்பானியப் பியாஸ்தர். அதை நெசவாளி வாங்கமாட்டார். வெள்ளியை யாரிடமாவது விற்று ரூபாயாக மாற்ற வேண்டும், அதில் கழிவு. சொந்தமாக நாணயச்சாலை வைத்து ரூபாய் அடித்தால் அந்தக் கழிவு மிஞ்சும். ஆனால் ரூபாய் அடிப்பது அரச உரிமை. கர்நாடகத்தில் அந்த உரிமை தில்லி பாதுஷாவின் பெயரால் ஆற்காட்டு நவாபிடம் இருந்தது.

கவர்னர் துய்மா 1736இல் நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து அந்த அனுமதியைப் பெற்றார். அதே 1736 செப்டம்பரில்தான் நம் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறார். புதுச்சேரியில் ரூபாய் அச்சு விழத் தொடங்கிய காலமும் அவர் பேனா ஓடத் தொடங்கிய காலமும் ஒன்று. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் ஆண்டை மறக்கமாட்டார்கள்.

சரி, அனுமதி கிடைத்தது. காசில் என்ன எழுதினார்கள்? பிரான்சு அரசர் பதினைந்தாம் லூயியின் பெயரையா? கம்பெனியின் பெயரையா? புதுச்சேரி என்றா? மூன்றும் இல்லை. பாரசீக எழுத்தில், ஒரு பக்கம் தில்லி பாதுஷா முகம்மது ஷாவின் பெயர். மறுபக்கம் ஆட்சியாண்டும், 'ஸர்ப் ஆர்க்காட்' என்ற சொல்லும். ஆர்க்காட்டில் அடித்தது என்று பொருள். அடித்தது புதுச்சேரியில், அடித்தவன் பிரெஞ்சுக்காரன், வெள்ளி மெக்சிகோவிலிருந்து வந்தது. எழுத்தில் இவை ஒன்றுமே இல்லை.

இது மோசடி இல்லை. அனுமதியே அப்படித்தான். ஆற்காட்டு ரூபாய் என்றால் சந்தையில் ஒரு நம்பிக்கை. அந்த எடையும் மாற்றும் எல்லாருக்கும் தெரியும். வங்காளம் வரைக்கும் அது போகும். புதுப் பெயர் போட்டுப் புதுக் காசு அடித்தால் சராப் அதன் மேல் எவ்வளவு வட்டம் பிடிப்பாரோ யார் கண்டது? ஆகவே நம்பிக்கையைக் கடன் வாங்கினார்கள். எடையிலும் மாற்றிலும் மட்டும் கடன் வாங்க முடியாது. அது சரியாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சராப் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

சென்னையில் ஆங்கிலேயரும் இதையே செய்தார்கள், இன்னும் ஒரு படி மேலே போய். இரண்டாம் ஆலம்கீர் பாதுஷாவின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் போட்ட ஆற்காட்டு ரூபாயை அவர்கள் 19ஆம் நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹிஜ்ரி 1172 என்பது நம் கணக்கில் 1758-59. பாதுஷா 1759 நவம்பரில் கொலையுண்டுபோனார். செத்தவர் பெயரில், நின்றுபோன ஆண்டில், இல்லாத ஊரில் அடித்த காசு. ஆனால் நல்ல காசு. சந்தையில் செல்லும் காசு.

அப்படியானால் புதுச்சேரியில் அடித்தது எது என்று எப்படித் தெரியும்? பிறையைப் பார்க்க வேண்டும். ஆட்சியாண்டு இருக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பிறை. நாணயம் ஆராய்பவர்கள் அதைப் புதுச்சேரி நாணயச்சாலையின் அடையாளமாகக் கொள்கிறார்கள். சென்னைக் காசுகளில் தாமரை. சிக்கல் என்னவென்றால், அச்சு பெரிது, வெள்ளித் தகடு சிறிது. கையால் சம்மட்டி போட்டு அடித்தது. ஆகவே எழுத்தில் பாதிதான் காசில் விழும். பிறை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கும், சில காசில் விழுந்தே இருக்காது. முழு எழுத்தும் அழகாக நடுவில் உட்கார்ந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், என் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். பழைய சொல்தாக் குடும்பம். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், இப்போது இல்லை. பாட்டியிடம் ஒரு தகரப் பெட்டி. அதில் மூன்று வெள்ளிக் காசு, கொஞ்சம் செப்புக் காசு, கொஞ்சம் தபால்தலை. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது ஏதோ துலுக்க எழுத்து ஆயா, வடநாட்டுக் காசு. நம்ம ஊர் காசு இல்ல. வெள்ளி விலைக்கு எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம். பாட்டியும் உருக்கி ஒரு கொலுசு செய்துவிடலாமா, பேத்திக்கு ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது மூன்றில் இரண்டில் பிறை தெரிந்தது. ஒன்றில் முழுப் பிறை, ஒன்றில் முக்கால். "ஆயா, இது இந்த ஊரிலேயே அடிச்சது" என்றேன். "அப்ப ஏன் நம்ம எழுத்து இல்ல?" என்று கேட்டார். மேலே எழுதிய கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்திலயே பேர மாத்தி வித்திருக்கான்" என்றார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். டூப்ளே முகமும் புதுச்சேரி என்ற பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும் தகட்டுக்கு முன்பணம் கொடுக்க ஆள் இருக்கிறது. இந்த ஊர் உலையில் உருகி, இந்த ஊர் சம்மட்டியில் அடிபட்ட ரூபாய், எழுத்து புரியாத காரணத்தால் கொலுசாகப் போகிறது. என் கவலை போலிக்காசு விற்பதைவிட இதில்தான் அதிகம். போலியை வாங்கினால் ஒருவருக்குக் காசு நட்டம். அசலை உருக்கினால் அது திரும்பி வராது.

பாட்டி கேட்ட கேள்விக்கு இன்னொரு பதிலும் அதே பெட்டியில் இருந்தது. நம் எழுத்து உள்ள காசு. செப்பில்.

ரூபாய் பெரிய வணிகருக்கு. கீரை வாங்க, மீன் வாங்க, கூலி கொடுக்க வேண்டியது செப்புக் காசு. அதைப் பிரெஞ்சுக்காரர் 'தூது' என்று எழுதினார்கள், நம் 'துட்டு'தான் அது. துட்டு என்ற சொல்லே டச்சுக்காரரின் டொய்ட் என்ற செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். 1693 முதல் 1699 வரை புதுச்சேரி டச்சுக்காரர் கையில் இருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். டச்சுச் சொல் தமிழாகி, தமிழ்ச்சொல் பிரெஞ்சாகியிருக்கிறது. நம் பணம் அவர்களுக்கு 'ஃபனோன்'. நம் காசு அவர்களுக்கு 'காஷ்'. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற சொல்லுக்கு இரண்டு பிறவி. ரொக்கம் என்ற பொருளில் அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சில்லறைக் காசு என்ற பொருளில் நம்மிடமிருந்து போனது.

அந்தத் துட்டின் ஒரு பக்கம் பிரான்சு அரச குடும்பத்தின் லில்லிப் பூ. மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. அவ்வளவுதான். பாதுஷா இல்லை, ஆற்காடு இல்லை. காரைக்கால் பெயர் போட்ட காசும் உண்டு. பாருங்கள், எடை குறைந்த, மதிப்புக் குறைந்த இந்தக் காசுதான் எங்கே பிறந்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறது. தில்லி வரை போக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. இந்த ஊர்ச் சந்தைக்குள் சுற்றினால் போதும், ஆகவே இந்த ஊர்க்காரருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து.

தமிழாசிரிய நண்பர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து எழுத்தில் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான், வேறுபடுத்தும் சுழிக்கொம்பு வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகு மெல்லப் பரவியது. ஆகவே பழைய துட்டு என்று ஒருவர் காட்டுவதில் இன்றைய பாடநூல் எழுத்தில், புள்ளியும் சுழியும் பிசகாமல் 'புதுச்சேரி' என்று இருந்தால் கையில் பூதக்கண்ணாடியை எடுங்கள். போலி செய்பவர் பிரெஞ்சு வரலாற்றைப் படித்திருக்கலாம். தமிழ் எழுத்தின் வரலாற்றைப் படித்திருப்பாரா?

லில்லிப் பூவுக்கும் காலம் உண்டு. 1830இல் பாரிசில் புரட்சி. பூர்போன் அரசர் போய் லூயி பிலிப் வந்தார். லில்லி பூர்போன்களின் சின்னம். புதிய ஆட்சிக்குச் சேவல். அந்தச் சேவல் கப்பலேறி இங்கேயும் வந்தது. 1836, 1837 ஆண்டுகள் இட்ட புதுச்சேரிக் காசுகளில் சேவல் நிற்கிறது. பாரிசுத் தெருவில் நடந்த மாற்றம் ஆறேழு ஆண்டில் நம் மீன்கடைக்காரியின் சுருக்குப்பையில் தெரிந்தது.

பாட்டியின் பெட்டியில் இருந்த தபால்தலைகளில் ஒரு வேடிக்கை. 'ஃபனோன்', 'காஷ்' என்று விலை போட்டவை. பணமும் காசும் அடிப்பது எப்போதோ நின்றுபோய், பிரிட்டிஷ் இந்திய ரூபாய் எல்லாக் கையிலும் புழங்கிய பிறகும், 1923 முதல் பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளின் விலை அந்தப் பழைய கணக்கில்தான் அச்சானது. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். கையில் இல்லாத நாணயம் கணக்கில் உயிரோடு இருந்தது. நம் தாத்தாக்கள் 2 அணாவை ஒரு பணம் என்று சொன்னதற்கும் இதுதான் கணக்கு. 16 அணா ரூபாயில் எட்டில் ஒன்று 2 அணாதானே.

அடுத்து ஜெத்தோன். பிரெஞ்சில் கேசினோச் சில்லுக்கும் இதுதான் பெயர். முற்காலத்தில் கணக்குப் பலகையில் வைத்து எண்ணுவதற்கான வில்லைக்கு இந்தப் பெயர். பிறகு பெரிய நிறுவனங்கள் தங்கள் சின்னம் போட்டு, வெள்ளியிலும் செம்பிலும் அடித்து முக்கியஸ்தர்களுக்குக் கொடுக்கும் வழக்கமாயிற்று. பிரெஞ்சு இந்தியக் கம்பெனியும் பிரான்சில் ஜெத்தோன் அடித்தது. பார்க்க நாணயத்தைவிட அழகாக இருக்கும். ஆனால் அது நாணயம் இல்லை, புதுச்சேரியில் அடித்ததும் இல்லை. "கம்பெனிக் காசு" என்று யாராவது அதைக் காட்டினால் ஏமாற வேண்டாம்.

அதிலும் ஒரு நுட்பம். பாரிஸ் நாணயச்சாலை பழைய அச்சுகளைப் பத்திரமாக வைத்திருந்து, பின்னாளிலும் அவற்றில் அடித்துக் கொடுத்தது. அச்சு பழசு, அடித்தது புதுசு. முகப்பைப் பார்த்தால் 18ஆம் நூற்றாண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். 1830களிலிருந்து அவர்கள் விளிம்பில் ஒரு சின்ன முத்திரை குத்தினார்கள், காலத்துக்குக் காலம் அதை மாற்றினார்கள். 1845 முதல் 1860 வரை சுட்டும் கை. 1860 முதல் 1879 வரை தேனீ. 1880 முதல் வளக்கொம்பு, அதாவது பழமும் பூவும் வழியும் கொம்பு. கூடவே உலோகத்தின் பெயரும் இருக்கும். முகப்பில் பதினைந்தாம் லூயி காலம், விளிம்பில் வளக்கொம்பு என்றால் அது 1880க்குப் பிறகு அடித்தது. அந்தச் சாலை ஏமாற்றவில்லை, தெரிய வேண்டியதை விளிம்பில் குத்தித்தான் கொடுத்தது. விற்பவர்தான் விளிம்பைக் காட்டாமல் முகப்பை மட்டும் படம் எடுத்துப் போடுகிறார். ஆகவே யார் காசுப் படம் அனுப்பினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "விளிம்பு எங்கே?"

இனி வீட்டிலேயே செய்யக்கூடியது. விஞ்ஞான ஆசிரியர்கள் மன்னிக்க, உங்கள் பாடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்.

ஆற்காட்டு ரூபாய் ஏறக்குறைய 11.4 கிராம் இருக்கும், தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். நகைக்கடைத் தராசு வேண்டும். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, சுழியம் காட்டும்படி செய்யுங்கள். காசை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக முங்கும்படி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுங்கள். 11.4 கிராம் காசு சுமார் 1.1 காட்டினால் விடை பத்துக்கு மேல் வரும், நல்ல வெள்ளியின் பக்கம். 1.3 காட்டினால் விடை ஒன்பதுக்குக் கீழே, அது ஜெர்மன் சில்வர் மாதிரி ஏதோ ஒன்று. ஆர்க்கிமிடீஸ் கிரீடத்துக்குச் செய்தார் என்று படித்ததை நாம் காசுக்குச் செய்கிறோம். ஆனால் நல்ல வெள்ளியிலேயே போலி செய்பவரும் உண்டு, ஆகவே இதில் தேறியதால் மட்டும் அசல் ஆகிவிடாது. தோற்றால் போலி என்று சொல்லலாம்.

பிறகு பூதக்கண்ணாடி. வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, இரண்டு அச்சு சேர்ந்த இடம், இருக்கும் அல்லது அதை அரம் போட்டுத் தேய்த்த தடம் இருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். சம்மட்டியில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் தேய்ந்தாலும் வெட்டு தெரியும். சராப் குத்து இருந்தால் சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், விலை குறையும் என்பார்கள். எனக்கு அது பிடிக்கும். யாரோ ஒரு சராப் இந்தக் காசைச் சந்தேகப்பட்டு, குத்திப் பார்த்து, சரி என்று ஏற்றுக்கொண்ட தடம் அது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, எங்கிருந்து வந்தது என்ற கதை. சில்லு சேகரிப்பவர் படப்பிடிப்பு ரசீது கேட்பது மாதிரி நாமும் கேட்க வேண்டும். எந்தக் குடும்பம், யார் கொடுத்தது, எந்த ஆண்டு. பாட்டியிடம் கேட்டு அவர் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். மாமனாரின் அம்மா வைத்திருந்தது என்ற வரைக்கும் அவருக்கு நினைவு இருக்கிறது. அதற்கு மேல் தெரியாது. தெரியாது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள். வைத்துக்கொள்ளலாம், ஆனால் தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. பிரான்சில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பார்சலில் போட்டு அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். செய்யாதீர்கள். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் அது வேறு சட்டம், 1878ஆம் ஆண்டினுடையது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று. தயவுசெய்து பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல், பல்பொடி, பித்தளை பாலிஷ், எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, அது காசின் வயது. தேய்த்தால் பிறையும் போகும், கொம்பும் போகும்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் படம் போடுங்கள். இரண்டு பக்கமும், விளிம்பும், பக்கத்தில் ஒரு அளவுகோலும், எடையும். விலை என்ன என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. தமிழ் எழுத்துத் துட்டு யாரிடமாவது இருந்தால் அதை முதலில் பார்க்க ஆசை. காரைக்கால் நண்பர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.